வளிமண்டல அழுத்தப் பிளாஸ்மாவின் முன் ஒரு சின்ன ஸ்பெக்ட்ரோமீட்டர்: எந்த எண்ணை நம்பலாம்?

வளிமண்டல அழுத்தத்தில் எரியும் பிளாஸ்மாக்களில் (மின்னிறக்கத்தால் அயனியான வாயு) ஹீலியம் ஜெட், ஆர்கான் ஜெட், மின்முனைகளுக்கு நடுவே மின்காப்புப் பொருள் வைத்துக் காற்றில் எரியவிடும் மின்காப்புத் தடை மின்னிறக்கம் என்று எதை எடுத்தாலும், அதன் ஒளியைப் பார்க்க ஆய்வகங்கள் முதலில் வாங்குவது ஒரே வகைக் கருவியைத்தான். ஒளியிழை (ஃபைபர்) வழியாக ஒளியை வாங்கி, ஸ்லிட் என்ற குறுகிய பிளவு வழியாக உள்ளே விட்டு, அசையாத கீற்றணியால் (நுண்கோடுகள் கீறிய தகடு) அலைநீளவாரியாகப் பிரித்து, 3648 பிக்சல் கொண்ட நேர்கோட்டு சிசிடி (ஒளி உணரி) மேல் விழவைக்கும் யுஎஸ்பி பெட்டி அது; பெயர் ஸ்பெக்ட்ரோமீட்டர். 200 முதல் 1100 நானோமீட்டர் (நா.மீ.) அலைநீளம் வரை ஒரே தடவையில் காட்டும். பல நிறுவனங்கள் விற்கின்றன. உள்ளே பெரும்பாலும் அதே மடக்கிய செர்னி-டர்னர் அமைப்பும் (இரண்டு குழி ஆடிகளும் நடுவில் ஒரு கீற்றணியும்), தோஷிபாவின் டிசிடி1304 போன்ற உணரியும்தான் இருக்கும். அதனால் பெட்டியின் பெயரை விட, ஆர்டர் செய்யும்போது எந்த ஸ்லிட், எந்தக் கீற்றணி, எந்த வடிகட்டி என்று எழுதுகிறீர்கள் என்பதே முக்கியம். இந்த மதிப்புரையும் அந்த வகையைப் பற்றியதுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பிளாஸ்மாவில் எது ஒளிர்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட வசதியான கருவி கிடையாது. நைட்ரஜனின் அதிர்வு வெப்பநிலைக்கு (மூலக்கூறுகளின் அதிர்வு ஆற்றலைச் சொல்லும் வெப்பநிலை) ஒப்புக்கொள்ளலாம். வாயு வெப்பநிலைக்கு அகல வீச்சு மாடல் போதாது, குறுகிய வீச்சு மாடல் வேண்டும். எலக்ட்ரான் அடர்த்திக்கு இரண்டுமே ஆகாது. நானோவினாடி நிகழ்வுகளைப் பற்றி இதனிடம் கேட்கவே வேண்டாம்.

பிரிதிறன்: விவரத்தாளும் நிஜமும்

900 நா.மீ. வீச்சை 3648 பிக்சலால் வகுத்தால் பிக்சலுக்கு ஏறக்குறைய 0.25 நா.மீ. வரும். ஒரு பிக்சலின் அகலம் 8 மைக்ரோமீட்டர். 25 மைக்ரோமீட்டர் ஸ்லிட் போட்டால் ஒரு கோட்டின் பிம்பம் மூன்று பிக்சலை அடைக்கும். தாளில் 0.75 நா.மீ. என்று வரும் இந்த அகலம், கண்ணாடிகளின் பிழையும் சேரும்போது 1 நா.மீ. பக்கத்தில் போய் நிற்கும். விற்பவர்கள் சில சமயம் பிக்சல் இடைவெளியையே பிரிதிறன் போலப் போடுகிறார்கள். ஆகவே ஒரு கோட்டின் பாதி உயரத்தில் அதன் முழு அகலம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

கருவி வந்ததும் செய்யவேண்டிய சோதனை எளிது. பாதரச-ஆர்கான் விளக்கை வைத்து, 576.96, 579.07 நா.மீ. மஞ்சள் இரட்டைக் கோடுகளைப் பாருங்கள். இடைவெளி 2.11 நா.மீ. நல்ல நிலையில் உள்ள பெட்டியில் இரண்டுக்கும் நடுவே பள்ளம் கிட்டத்தட்ட அடிமட்டம் வரை இறங்கும். பள்ளம் பாதியில் நின்றால் ஸ்லிட் சொன்னதை விட அகலம், இல்லையென்றால் குவியம் கலைந்திருக்கிறது. கோடு ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து வால் விட்டால் அதுவும் குவியக் கோளாறுதான். பெரும்பாலான மாடல்களில் ஸ்லிட்டைப் பயனரால் மாற்ற முடியாது; மாற்றித் தரும் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஒளி போதவில்லை என்று 600 மைக்ரோமீட்டர் ஃபைபர் வாங்குவது அடிக்கடி நடக்கும் வீண் செலவு. 25 மைக்ரோமீட்டர் ஸ்லிட்டுக்கு முன்னால் 600 மைக்ரோமீட்டர் வட்டத்தை வைத்தால், அகலவாட்டில் வரும் ஒளியில் பெரும்பகுதி ஸ்லிட்டின் உதட்டில்தான் விழும். 200க்கும் 600க்கும் உள்ள பரப்பு வித்தியாசம் ஒன்பது மடங்கு. உள்ளே போகும் ஒளி கூடுவது சுமார் மூன்று மடங்குதான்.

பேய்க் கோடுகள்

இந்த வகைக் கருவியின் பெரிய பலம் அதன் அகல வீச்சு. அதன் பெரிய பொய்யும் அங்கேதான் பிறக்கிறது. கீற்றணி முதல் வரிசையோடு இரண்டாம் வரிசையையும் அனுப்பும்; அதில் ஒவ்வொரு கோடும் இரட்டிப்பு அலைநீளத்தில் நிழலாக விழும். 337.1 நா.மீ. ஒளி 674.2 இல் இன்னொரு முறை தோன்றும். 357.7 இன் நிழல் 715.4 இல் விழும். நைட்ரஜன் நிறைந்த எந்த வளிமண்டல அழுத்தப் பிளாஸ்மாவிலும் 337.1 தான் தலைமைக் கோடு. எனவே இந்த நிழல் தெளிவாகவே தெரியும். நைட்ரஜனின் முதல் நேர்மத் தொகுதி என்ற பட்டைக் கூட்டமும் அதே சிவப்புப் பகுதியில் இருப்பதால் நிழலை அதுவென்று எழுதிவிடுவது சுலபம்.

இதைவிட மோசமான பொறி ஹீலியம் ஜெட்டில் இருக்கிறது. ஹீலியத்தின் 388.9 நா.மீ. கோட்டுக்கு இரண்டாம் வரிசை 777.7 இல் விழுகிறது. ஆக்சிஜன் அணுவின் புகழ்பெற்ற மூவரிக் கோடு 777.2 முதல் 777.5 வரை. 1 நா.மீ. பிரிதிறனில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஹீலியம் ஓட்டத்தைக் கூட்டினால் "அணு ஆக்சிஜன் கூடுகிறது" என்று வரைபடம் வரும். கூடியது ஹீலியமாகவும் இருக்கலாம்.

உணரிக்கு முன்னால் வரிசை பிரிக்கும் வடிகட்டியைத் தொழிற்சாலையிலேயே ஒட்டித் தருவார்கள். 200–1100 மாடலை அது இல்லாமல் வாங்காதீர்கள். இருக்கிறதா என்று தெரியாத பழைய பெட்டி கையில் இருந்தால், ஃபைபர் முனைக்கு முன்னால் 450 நா.மீ. நீள்அலை வடிகட்டி (அதற்கு மேலுள்ள அலைநீளங்களை மட்டும் விடுவது) ஒன்றைப் பிடியுங்கள். 777 கோடு கண்ணாடிப் பரப்புகளில் இழக்கும் பத்து சதவீதம் அளவுக்குக் குறைந்தால் அது உண்மைக் கோடு. பாதிக்கும் கீழே போனால் மறைந்த பகுதி நிழல். அடியோடு மறைந்தால் அங்கே ஆக்சிஜனே ஒளிரவில்லை. சாதாரண ஜன்னல் கண்ணாடியை வைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, அது 388.9 ஐ நன்றாகவே கடத்தும்.

அலைநீளமும் உயரமும்

அலைநீள அளவுதிருத்தத்துக்குப் பாதரச-ஆர்கான் விளக்கு போதும்: 253.65, 296.73, 365.02, 404.66, 435.83, 546.07, பின்பு ஆர்கானின் 696.54, 763.51, 811.53. மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவை பொருத்துங்கள். விளக்கு குளிராக இருக்கும்போது ஆர்கான் தூக்கலாகவும், சூடேறியதும் பாதரசம் தூக்கலாகவும் இருக்கும். ஸ்பெக்ட்ரோமீட்டரையும் அரைமணி நேரமாவது ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு அளவிடுங்கள். நைட்ரஜனின் 337.1 ஐயே அளவுகோலாக வைத்துக்கொள்ளும் குறுக்குவழி வேண்டாம். அது ஒற்றைக் கோடு இல்லை, பட்டைத் தலை (நெருங்கிய பல கோடுகள் கூடி நிற்கும் விளிம்பு). அதன் வால் ஊதாப் பக்கமாக, அதாவது குறைந்த அலைநீளப் பக்கமாக நீளும். 1 நா.மீ. கருவி அந்த வாலையும் சேர்த்துச் சராசரி எடுப்பதால், உச்சி உண்மையான இடத்திலிருந்து இடப்பக்கம் நகர்ந்து தெரியும்.

உயரங்களை ஒப்பிடும் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. உணரியின் உணர்திறன் 300க்குக் கீழும் 900க்கு மேலும் சரிகிறது. கீற்றணிக்கும் தனக்கென ஒரு உச்சம் உண்டு. 309 இல் ஹைட்ராக்சில் (ஓஎச்), 777 இல் ஆக்சிஜன் என்று இரண்டு உச்சிகளைத் திருத்தாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது அதைவிட அதிகம்" என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. டியூட்டீரியம்-ஹாலஜன் விளக்கால் சார்புணர்திறன் திருத்த வேண்டும். திருத்தும்போது, பிளாஸ்மாவை அளக்கும்போது இருக்கும் அதே ஃபைபர், அதே லென்ஸ், அதே ஜன்னல் நடுவே இருக்க வேண்டும். போரோசிலிகேட் குழாய் வழியாகப் பார்த்தால் 300க்குக் கீழே ஒளி வேகமாக அற்றுப்போகும், 309 பட்டையிலும் கணிசமாக வெட்டு விழும். நைட்ரிக் ஆக்சைடின் காமாப் பட்டைகள் (226, 236, 247, 259) தேவையென்றால் உருகிய குவார்ட்ஸ் தவிர வேறு வழியில்லை. ஓசோன் மிகுந்த மின்னிறக்கத்தில் அந்தப் பட்டைகளை ஓசோனும் வழியிலேயே தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஃபைபர் எங்கே நிற்கிறது?

ஃபைபரின் எண் துளை (ஒளியை வாங்கும் கோணத்தின் அளவு) 0.22. அரைக் கோணம் 12.7 பாகை. 400 மைக்ரோமீட்டர் ஃபைபரை லென்ஸ் இல்லாமல் ஜெட்டிலிருந்து 10 மி.மீ. தள்ளி வைத்தால், அது பார்க்கும் வட்டம் சுமார் 5 மி.மீ. விட்டம். 4 மி.மீ. உள்விட்டக் குழாயிலிருந்து வரும் ஜெட்டில் 5 மி.மீ. என்பது மிகப் பெரிய தூரம். குழாய்க்குள் ஹீலியத்தின் 706.5, 667.8, 587.6 கோடுகள் ஓங்கி நிற்கும். வாயிலுக்கு வெளியே காற்று கலக்கத் தொடங்கும் இடத்தில் நைட்ரஜன் அயனியின் 391.4 எழும். அதையும் தாண்டினால் நைட்ரஜனின் 337.1 மேலோங்கும். ஐந்து மில்லிமீட்டர் வட்டம் இந்த மூன்றையும் கலந்து ஒரே வரைபடமாகத் தரும். அதை வைத்து வேதியியல் பேச முடியாது.

மலிவான தீர்வு: ஃபைபருக்கும் ஜெட்டுக்கும் நடுவில் 0.5 மி.மீ. பிளவு வெட்டிய கறுப்பு அக்ரிலிக் தகடு, ஜெட்டை ஒட்டியபடி. உலோகத் தகடு வைத்தால் மின்னிறக்கம் அதற்கே தாவும். தாவாவிட்டாலும் மின்புலம் மாறி, நீங்கள் அளப்பது வேறொரு ஜெட்டாகிவிடும். நல்ல தீர்வு, குவார்ட்ஸ் லென்ஸால் ஒன்றுக்கு ஒன்று பிம்பம் எடுத்து ஃபைபர் முனையில் விழவைப்பது. ஒற்றை லென்ஸின் குவியத் தொலைவு புற ஊதாவில் குறைவு, சிவப்பில் அதிகம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் குவியம் வைத்தால் 309 மங்கும். 337 க்குத் திருத்தி வைத்துவிட்டு, லென்ஸைத் தொடாமல் விடுங்கள்.

ஃபைபரின் உறையைப் பற்றி விவரத்தாளில் ஒரு வரிதான் இருக்கும். கருவியின் உயிர் அதில்தான். எஃகுச் சுருள் உறை போட்ட ஃபைபரின் முனையை 8 கிலோவோல்ட் மின்முனைக்கு அருகே கொண்டுபோனால், அந்த உறை ஒரு கம்பி. மறுமுனை ஸ்பெக்ட்ரோமீட்டரின் உலோகப் பெட்டி, அதன் பின்னால் யுஎஸ்பி, அதன் பின்னால் கணினி. பிவிசி உறையுள்ள ஃபைபரையே கேட்டு வாங்குங்கள். அதன் முனையிலும் உலோகக் குமிழ் இருக்கும், ஆகவே காற்றில் மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட் என்ற முறிவு எல்லைக்குப் பல மடங்கு தள்ளியே நிறுத்துங்கள். தாவல் நடக்காவிட்டாலும் இரைச்சல் வரும்: ஸ்கேன் நடுவே யுஎஸ்பி அறுந்துபோதல், அடிக்கோடு திடீரென்று மேலே குதித்தல். 2 மீட்டர் ஃபைபர், யுஎஸ்பி கேபிளில் ஃபெரைட் வளையம், மின்தனிமை செய்த யுஎஸ்பி இணைப்பி, பேட்டரியில் ஓடும் மடிக்கணினி என்ற வரிசையில் முயன்றால் பெரும்பாலும் இரண்டாவதிலேயே அடங்கிவிடும்.

391.4 என்ற சபலம்

நைட்ரஜன் அயனியின் 391.4, நைட்ரஜனின் 337.1 இரண்டின் விகிதத்திலிருந்து மின்புலத்தைக் கணக்கிடும் முறை காற்று மின்னிறக்கங்களுக்கு நன்கு நிறுவப்பட்டது. முதலாவதைக் கிளர்த்த நைட்ரஜனின் தரைநிலையிலிருந்து 18.7 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், இரண்டாவதற்கு 11. எலக்ட்ரான்கள் சூடாக இருந்தால் விகிதம் ஏறும். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் கருவியோடு மூன்று இடத்தில் இடிக்கும்.

முதலில் ஹீலியம். அதன் சிற்றுறுதி நிலையில் (நீண்ட நேரம் தங்கும் கிளர்நிலை) 19.8 எலக்ட்ரான் வோல்ட் தேங்கி நிற்கிறது. அது நைட்ரஜனோடு மோதி, பென்னிங் அயனியாக்கத்தில் ஒளிரும் அயனியையே நேராகத் தந்துவிடும். எலக்ட்ரானின் வேகத்துக்கும் 391.4 க்கும் இருந்த உறவு அங்கே அறுந்துபோகிறது. ஹீலியம் ஜெட்டில் இந்த விகிதத்தைப் போட்டு மின்புலம் என்று எழுதியிருந்தால், அடுத்த பக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மேற்பொருந்தல். 394.3 இல் தொடங்கும் நைட்ரஜன் பட்டையின் வால் 391 வரை வந்து விழுகிறது. 391.4 பட்டையின் வாலும் ஊதாப் பக்கம்தான். அதன் மேலேயே ஹீலியத்தின் 388.9 உட்கார்ந்திருக்கிறது. 337.1 இன் பக்கத்தில் 336.0 இல் என்எச் மூலக்கூறு ஒளிரக் கூடும், ஈரம் இருந்தால் சாத்தியம் அதிகம். உச்சி உயரத்தை மட்டும் எடுத்து வகுத்தால், காற்றில் பலவீனமான 391.4 இன் மதிப்பில் கணிசமான பங்கு பக்கத்துப் பட்டையுடையதாக இருக்கும்.

மூன்றாவது, மோதலில் அணைதல், அதாவது ஒளிருமுன்பே மோதி ஆற்றலை இழப்பது. 337.1 ஐத் தரும் நிலையின் இயல்பான ஆயுள் 40 நானோவினாடிக்குச் சற்றுக் குறைவு. வளிமண்டல அழுத்தக் காற்றில் அது ஒரு நானோவினாடிக்கும் கீழே போகிறது. அயனி இன்னும் வேகமாக அணைகிறது. இந்த அணைதல் மாறிலிகளைச் சேர்க்காமல் விகிதத்துக்குப் பொருளில்லை. ஓசோனேற்றியோ ஜெட்டோ, வாயுக் கலவை மாறினால் மாறிலிகளும் மாறும்.

வெப்பநிலைகள்

அதிர்வு வெப்பநிலையில் கருவி நன்றாகவே தேறுகிறது. 380.5, 375.5, 371.0, 367.2 என்ற நான்கு பட்டைகளும் 14 நா.மீ. க்குள் அடங்குவதால் உணர்திறன் திருத்தம் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் 380.5 இன் வால் மேல் 375.5 நிற்கிறது, அதன் வால் மேல் 371.0. அடிக்கோட்டைக் கழிக்காமல் உச்சிகளை எடுத்தால் உயர் நிலைகள் பெருத்து, வெப்பநிலை கூடுதலாக வரும். போல்ட்ஸ்மான் வரைபடத்தில் (நிலைகளின் செறிவுச் சரிவிலிருந்து வெப்பநிலை எடுக்கும் படம்) இன்னொரு சறுக்கல்: சிசிடி எண்ணுவது ஃபோட்டான்களை, விளக்குச் சான்றிதழ் தருவது ஆற்றலை. திருத்தியபின் உங்கள் அச்சு ஆற்றல் என்றால் செறிவை அலைநீளத்தால் பெருக்க வேண்டும், ஃபோட்டான் என்றால் பெருக்கக் கூடாது. கிடைப்பது ஒளிரும் நிலையின் அதிர்வு வெப்பநிலை. தரைநிலையுடையது வேண்டுமானால் ஃபிராங்க்-காண்டன் காரணிகள் (அதிர்வு நிலைகளுக்கு இடையே தாவும் வாய்ப்புகள்) வழியாகப் பின்னோக்கிப் போக வேண்டும்.

சுழற்சி வெப்பநிலை என்ற பெயரில் வாயு வெப்பநிலை எடுப்பது வேறு கதை. 1 நா.மீ. அகலத்தில் சுழற்சிக் கோடுகள் எல்லாம் ஒரே மேடாகிவிடும், வாலின் சரிவு மட்டும் மிஞ்சும். 300 கெல்வினுக்கும் 400 கெல்வினுக்கும் அந்தச் சரிவில் உள்ள வித்தியாசம், கருவியின் சொந்த வடிவத்தைத் தவறாக எடுத்தாலே வந்துவிடும் அளவு. இங்கேதான் குறுகிய மாடல் காசுக்கு வேலை செய்கிறது. 100 நா.மீ. வீச்சை அதே 3648 பிக்சலில் விரித்தால் பிக்சலுக்கு 0.027 நா.மீ.; 10 மைக்ரோமீட்டர் ஸ்லிட்டோடு 0.1 நா.மீ. பக்கத்தில் பிரிதிறன் கிடைக்கும். 300–400 என்று வாங்கினால் ஹைட்ராக்சிலின் 306 முதல் நைட்ரஜனின் 380.5, அயனியின் 391.4 வரை எல்லாம் உள்ளே வரும். பணம் ஒரு பெட்டிக்கே இருக்கிறது, பிளாஸ்மாவில் என்ன ஒளிர்கிறது என்று முன்பே தெரியும் என்றால் அகல மாடலை விட்டுவிட்டு இதையே வாங்கலாம்.

பொருத்துவதற்கு மென்பொருள் தேர்வில் கவனம். இலவசமாகக் கிடைக்கும் லிஃப்பேஸில் ஹைட்ராக்சிலும் நைட்ரஜன் அயனியும் உண்டு. நடுநிலை நைட்ரஜனின் இரண்டாம் நேர்மத் தொகுதி (337.1, 380.5 முதலிய பட்டைகள்) கிடையாது. அதற்கு ஸ்பெக்ஏர் அல்லது இலவசமான மாசிவ்ஓஇஎஸ் வேண்டும். கருவியின் வடிவத்தைப் பாதரசக் கோட்டை வைத்து அதே நாளில் அளந்து உள்ளிடுங்கள். மென்பொருளின் முன்னிருப்பு முக்கோணத்தை நம்ப வேண்டாம். தண்ணீர் சேர்ந்த பிளாஸ்மாவில் ஹைட்ராக்சில் தரும் வெப்பநிலை அடிக்கடி மிகையாக வரும். தண்ணீர் உடையும்போதே சுழற்சியோடு பிறக்கும் மூலக்கூறுகள், வாயுவோடு சமநிலைக்கு வருமுன் ஒளிர்ந்துவிடுவதுதான் காரணம். நைட்ரஜன் 350 என்றும் ஹைட்ராக்சில் 700 என்றும் சொன்னால் நைட்ரஜன் பக்கம் நில்லுங்கள்.

எலக்ட்ரான் அடர்த்தி? ஹைட்ரஜன் பீட்டாக் கோட்டின் (486.1) ஸ்டார்க் அகலம் (சுற்றியுள்ள மின்துகள்களின் மின்புலத்தால் கோடு விரியும் அளவு), கன சென்டிமீட்டருக்கு 10¹⁵ எலக்ட்ரான் இருந்தால் சுமார் 0.2 நா.மீ., 10¹⁴ இருந்தால் 0.04 நா.மீ. சாதாரண வெப்பநிலை ஆர்கானில் வான்டெர்வால்ஸ் அகலம் (பக்கத்து நடுநிலை அணுக்களால் வரும் விரிவு) மட்டுமே 0.09 நா.மீ. வரும். 1 நா.மீ. கருவி காட்டும் அகலம் முழுக்க அதன் சொந்த அகலம். அரை மீட்டர் மோனோக்ரோமேட்டர் வாங்கும்வரை இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நேரம்

இந்த உணரியுள்ள பல மாடல்களில் மிகக் குறைந்த ஒளி சேர்க்கும் நேரம் சுமார் 3.8 மில்லிவினாடி. 20 கிலோஹெர்ட்ஸ் மின்னிறக்கத்தில் அதற்குள் 76 சுழற்சிகள் போய்விடும். ஒவ்வொரு சுழற்சியிலும் காற்றில் ஓடும் இழைகள் சில பத்து நானோவினாடிகளில் முடிந்துவிடுகின்றன. ஜெட் கண்ணுக்குத் தொடர்ச்சியான தூரிகை போலத் தெரிந்தாலும், அது நொடிக்குப் பத்து முதல் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒளித் துணுக்குகள் என்பதை 2005 இல் டெஷ்கே குழுவும் 2006 இல் லூ, லாரூசி இருவரும் காட்டியது நானோவினாடிகளில் திறந்து மூடும் கேமராக்களால்தான். வெளித் தூண்டல் வசதி இருக்கிறது என்று விவரத்தாளில் போட்டிருந்தாலும் மயங்காதீர்கள். தூண்டல் எப்போது தொடங்குவது என்று சொல்லும், சாளரம் நானோவினாடி அளவுக்குக் குறுகாது. ஐசிசிடி (அப்படிப்பட்ட நானோவினாடிக் கேமரா) கைக்கு எட்டாதென்றால், 337 நா.மீ. குறுக்கீட்டு வடிகட்டி போட்ட ஒளிப்பெருக்கிக் குழாயை 50 ஓம் முடிவோடு ஆசிலோஸ்கோப்பில் இணைத்து, மின்னோட்டத் துடிப்போடு பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டர் சொல்லாத பாதியை அது சொல்லும்.

மின்திறன் தெரியாத நிறமாலைக்கு மதிப்பில்லை என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். மின்காப்புத் தடை மின்னிறக்கத்தில் தரைப்பக்கம் ஒரு 10 நானோஃபாரட் மின்தேக்கியைத் தொடராகப் போட்டு, அதன் மின்னழுத்தத்திலிருந்து மின்னூட்டத்தை எடுத்து, கொடுத்த மின்னழுத்தத்துக்கு எதிராக வரையுங்கள். மேன்லி 1943 இல் தந்த முறை. வளையத்தின் பரப்பு ஒரு சுழற்சிக்கான ஆற்றல்: 50 மைக்ரோஜூல் என்றால் 20 கிலோஹெர்ட்ஸில் 1 வாட். அளவீட்டு மின்தேக்கி, மின்னிறக்கக் கலத்தைவிட நூறு மடங்காவது பெரிதாக இருக்கட்டும். கலம் சில பிகோஃபாரட்டே உள்ள சின்ன ஜெட் என்றால், உயர் மின்னழுத்த ஆய்வுமுனையின் சொந்த 3 பிகோஃபாரட்டும் சுமையாகும். ஆய்வுமுனையைச் செருகியதும் ஜெட் குட்டையானால் காரணம் அதுதான்.

மென்பொருளும் வாயுக் குழாயும்

கூடவே வரும் மென்பொருளில் தானியங்கிக் கோடு அடையாளம் காணும் பொத்தான் இருக்கும். பல மென்பொருள்களின் அட்டவணையில் அணுக் கோடுகளே உண்டு, மூலக்கூறுப் பட்டைகள் கிடையாது. விளைவு, நைட்ரஜன் பட்டை ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஓர் உலோகத்தின் பெயர் ஒட்டப்படும். மின்முனையே இல்லாத இடத்தில் இரும்பும் டைட்டானியமும் ஒளிர்வதாக வரும் படங்களின் பிறப்பிடம் இதுவே. அந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பது நல்லது. சமன்படுத்தும் பாக்ஸ்காரை (பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் அமைப்பு) 5 என்று வைத்தால் இருபக்கமும் ஐந்து என்று 11 பிக்சல் சராசரியாகும். 0.25 நா.மீ. பிக்சலில் அது 2.7 நா.மீ., காசு கொடுத்து வாங்கிய பிரிதிறன் போச்சு. இரைச்சலைக் குறைக்க ஸ்கேன் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், பாக்ஸ்கார் பூஜ்யத்தில் இருக்கட்டும். இருட்டுக் கணக்கை அதே ஒளி சேர்க்கும் நேரத்தில், மின்னிறக்கத்தை அணைத்து, அறை விளக்கின் நிலையை மாற்றாமல் எடுங்கள். நேரத்தை மாற்றினால் இருட்டும் புதிதாக எடுக்க வேண்டும். உணரி குளிரூட்டப்படாதது என்பதால் அறை சூடேறும்போது இருட்டும் ஏறும். 16 பிட் மாடலில் உச்சி 65,535 ஐத் தொடாமல், 80 சதவீதத்துக்குக் கீழே நிறுத்துங்கள். வலுவான 337 தெவிட்டிய படத்தில் பலவீனமான கோடுகள் அழகாகத் தெரியும்தான். அந்தப் படத்தில் விகிதம் எடுக்கக் கூடாது.

99.999 சதவீத ஹீலியம் போட்டும் 309 இல் ஹைட்ராக்சில் அடங்கவில்லையா? சிலிண்டரைக் குறை சொல்லுமுன் குழாயைப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாய்கள் சுவரில் தேக்கிய ஈரத்தை மணிக்கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கும். பாலியூரித்தேன் இதில் மோசம், உலோகக் குழாய் வேகமாகக் காயும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 309, 706.5 விகிதத்தைக் குறித்துவாருங்கள். அது நிலைக்கும்வரை எடுத்த எந்தத் தரவும் குழாயின் தரவுதான். இந்த வேலைக்கு மட்டும் சொன்னால், சின்னப் பெட்டியை மிஞ்ச ஆளில்லை.

அதே பெட்டி ஓசோன் அளவியாகவும் வேலை செய்யும், பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. 253.65 நா.மீ. இல் ஓசோனின் உட்கவர் குறுக்குப் பரப்பு 1.15 × 10⁻¹⁷ சதுர சென்டிமீட்டர். அறை நிலையில் 1000 பிபிஎம் ஓசோன் 1 செ.மீ. கலத்தில் முக்கால் பங்கு ஒளியை விடும், 10 செ.மீ. கலத்தில் ஏறக்குறைய 6 சதவீதம் மட்டும். அவ்வளவு குறைந்த ஒளியில் பெட்டிக்குள் சிதறும் ஒளி கணக்கைக் கெடுக்கும், ஆகவே செறிவு கூடினால் கலத்தைக் குறுக்குங்கள். டியூட்டீரியம் விளக்கைவிடப் பாதரசப் பேனா விளக்கே இதற்கு ஏற்றது. டியூட்டீரியத்தின் ஆழ் புற ஊதாவில் மணிக்கணக்காக நனையும் சாதாரண ஃபைபர் மெல்ல மெல்லக் கறுத்து, முதலில் 230 நா.மீ. க்குக் கீழே ஒளி கடத்துவதை நிறுத்திவிடும். அதைப் பிளாஸ்மாவின் மாற்றம் என்று படித்துவிட வாய்ப்புண்டு. டியூட்டீரியம்தான் இருக்கிறது என்றால், புற ஊதாவைத் தாங்கும் ஃபைபரை வாங்கி, அளக்கும் நொடிகளில் மட்டும் மூடியைத் திறங்கள். கலத்திலிருந்து வெளியேறும் வாயுவை அறைக்குள் விடாமல் ஓசோன் சிதைப்பி வழியாகவோ புகைக்கூண்டுக்கோ அனுப்புங்கள்; வேலையிடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரிக்குப் பரவலாக ஏற்கப்படும் வரம்பு 0.1 பிபிஎம்.